1780 என்று போட்ட பெரிய வெள்ளிக் காசு, கூடவே ஒரு செப்புக் காசு: எந்த நாட்டுடையவை?

செந்தில்:
பழைய பெட்டியில் இரண்டு காசுகள். ஒன்று வெள்ளி நிறம், ஒரு பக்கம் முக்காடு போட்ட பருத்த பெண், மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 1780. பெண்ணின் தோளுக்குக் கீழே எஸ், எஃப் என்று இரண்டு எழுத்து. மற்றது ஐந்து ரூபாய் அளவுச் செப்புக் காசு. வி எழுத்தின் இரு கால்களிலும் ஓவும் சியும் கோத்திருக்கின்றன, ஆண்டு தேய்ந்துவிட்டது. 240 வருடம் பழையது என்றால் வெள்ளிக் காசு நல்ல விலைக்குப் போகுமா?

காசுப்பேழை:
வெள்ளிக் காசு மரியா தெரேசா தாலர், ஆஸ்திரியா. அந்த ஆண்டை நம்பி விலை பேசாதீர்கள். அரசி 1780 நவம்பரில் இறந்தார். எத்தியோப்பியா, ஏமன், செங்கடல் கரை வணிகர்கள் இந்த முகம் உள்ள காசைத்தான் வாங்கினார்கள். அதனால் அதே ஆண்டை வைத்தே தொடர்ந்து அடித்தார்கள். வியன்னாவோடு மிலான், வெனிஸ், ரோம், பாரிஸ், லண்டன், பிரஸ்ஸல்ஸ் என்று பல இடங்களில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாய் நாணயச் சாலையிலும். எஸ்.எஃப். என்பவை கியூன்ஸ்பர்க் நாணயச் சாலை அதிகாரிகள் இருவரின் பெயர் முதலெழுத்துகள். பின்னால் அடித்தவற்றிலும் அப்படியே வரும்.

எடை, விட்டம், விளிம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். விளிம்பைத் தனியாகப் படம் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சத்தில்.

செந்தில்:
28.05 கிராம். விட்டம் 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. விளிம்பில் மேடான எழுத்துகள், நடுநடுவே கொடி வேலைப்பாடு. காந்தம் ஒட்டவில்லை.

காசுப்பேழை:
எடை சரி, நியமம் 28.07. விளிம்பு எழுத்து 'யுஸ்டிட்டியா எட் கிளெமென்டியா', அதாவது நீதியும் கருணையும். வார்த்த போலியில் இது மழுங்கியிருக்கும், அல்லது சுற்றிலும் ஒரு மூட்டுக் கோடு ஓடும். தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். பதக்கமாக வளையம் பற்றவைத்து எடுத்த காசுகள் நிறைய. அங்கே அரம் போட்ட தடம் இருந்தால் விலை இறங்கும்.

காந்தம் ஒட்டாதது போதாது, பித்தளையிலும் ஒட்டாது. அடர்த்தி பார்த்துவிடுங்கள். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் படாமல் முழுக்க மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு, மில்லி லிட்டரில். இந்தக் கலவை 83.3 சதவீத வெள்ளி, மீதி செம்பு, 2.75 வர வேண்டும். 3.2க்கு மேல் போனால் வெள்ளி இல்லை. காற்றுக் குமிழி ஒட்டினால் அளவு கூடிக் காட்டும், நூலை லேசாக ஆட்டி விரட்டுங்கள்.

செந்தில்:
2.76 வந்தது! வளையத் தடம் இல்லை.

காசுப்பேழை:
வெள்ளிதான். உள்ளே சுமார் 23.4 கிராம் தூய வெள்ளி. பிற்கால அடிப்பு என்றால் விலை அந்த வெள்ளியை ஒட்டியே நிற்கும். எந்த நாணயச் சாலை என்பதைக் கழுகின் வால் இறகு, தோளில் உள்ள ப்ரூச் (உடையில் குத்தும் அலங்கார ஊசி), எஸ்.எஃப். புள்ளிகளின் இடைவெளி ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்க முடியும். இந்த மூன்றையும் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள்.

துறைமுகம்:
செப்புக் காசு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டியூட். இலங்கையிலும் ஜாவாவிலும் சில்லறையாகப் புழங்கியது. 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்த நாகப்பட்டினத்துக்கும் வந்தது. பின்பக்கக் கேடயம் எந்த டச்சு மாகாணம் என்று சொல்லும்: அலையிலிருந்து எழும் சிங்கம் ஜீலாந்து, ஒற்றைச் சிங்கம் முழு உருவில் நின்றால் ஹாலந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக நடக்கும் இரண்டு சிங்கம் மேற்கு ஃபிரீஸ்லாந்து.

தயவுசெய்து புளி, சபீனா, விபூதி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பழுப்புப் படலம் போனால் திரும்ப வராது, தேய்ந்த ஆண்டும் சேர்ந்தே போகும். காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊற வையுங்கள், நீரைத் தினமும் மாற்றுங்கள், இளகிய மண்ணைப் பல்குச்சியால் எடுங்கள். பச்சை வெளிர் தூள் உதிர்ந்து மறுபடி முளைத்தால் அது செம்பை அரிக்கும் நோய். அந்தக் காசை மற்றவற்றோடு வைக்க வேண்டாம், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். பி.வி.சி. உறை இரண்டு காசுக்குமே ஆகாது.