டிசம்பர் லீவுல மலேசியா: பெர்ஹெந்தியான் தீவு + கேஎல் (கோலாலம்பூர்), ஒரு வாரம் சரியா வருமா?

திருச்சிக்காரன்77:
வணக்கம் மக்களே. அரையாண்டு லீவுல குடும்பத்தோட மலேசியா போலாம்னு முடிவு பண்ணிருக்கோம், நான், வீட்ல, பசங்க ரெண்டு பேரு (11 வயசு, 6 வயசு), கூட எங்கம்மா, 68 ஆகுது, முட்டி வலி உண்டு. திருச்சிலேந்து கேஎல்க்கு நேரடி ஃபிளைட் இருக்கறதால அது பிரச்சனை இல்ல. டிசம்பர் 24 கிளம்பி 31 திரும்பணும். ஆபீஸ்ல ஒரு பையன் ஜூலைல பெர்ஹெந்தியான் தீவுக்கு போய்ட்டு வந்து போட்டோ காமிச்சான், அதுலேந்து பசங்க அந்த தண்ணிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மொதல்ல 3 நாள் கேஎல், அப்புறம் 4 நாள் தீவு, தீவுலேந்து நேரா ஏர்போர்ட் வந்து ஊருக்கு ஃபிளைட். ஆனா எந்த ரிசார்ட்டுக்கு தேதி போட்டாலும் ரூம் இல்லன்னு வருது, சீசன்ங்கறதால இப்பவே ஃபுல் ஆயிருச்சு போல. யாராச்சும் போயிருந்தா ரூம் கிடைக்க வழி சொல்லுங்க.

கிள்ளான்வாசி:
ஃபுல் ஆவல அண்ணே, பூட்டிட்டாங்க 😄 நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் கிழக்கு கரை தீவுல முக்காவாசி ரிசார்ட் மூடித்தான் கெடக்கும், கடல் கொந்தளிக்கும், கோலா பெசுட் ஜெட்டிலருந்து படகு ஓடுறதே சந்தேகம். ரெடாங், தியோமான்லாம் இதே கததான். உங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகைல கொட்டுற அதே வடகிழக்கு பருவமழதான் இங்க கிளந்தான், திரங்கானு பக்கம் வந்து அடிக்குது. நடுவுல தித்திவாங்சா மலைத்தொடர் நிக்கிறதால மேற்கு கரைக்கு அந்த அளவுக்கு அடி இல்ல.

அதனால டிசம்பர்னா மேற்கு கரை பக்கம் இருக்குற லங்காவி தீவுக்கு போங்க. கேஎல்லருந்து ஃபிளைட்ல ஒரு மணி நேரம். ஆனா ஒண்ணு, பெர்ஹெந்தியான் மாதிரி கண்ணாடி தண்ணிய எதிர்பாத்து போனா பசங்க அழுவாங்க, செனாங் பீச்ல மணல் நல்லாருக்கும், ஆழம் இல்ல, வெளையாடலாம், தண்ணி கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும். டிசம்பர்ல இங்கயும் ஸ்கூல் லீவு, கேஎல் சனம் பாதி அங்கதான் நிக்கும், ரூம் இன்னிக்கே போட்டுருங்க.

கோவைமைனா:
மேல சொன்னவரு சரியா சொல்லிட்டாருங்க. நாங்க ரெண்டு வருசம் முன்னாடி இதே டிசம்பர்ல மாமியார கூட்டிட்டு போனோம், அதனால சொல்றேன், உங்க பிளான அப்படியே தலைகீழா மாத்துங்க. தீவு மொதல்ல, சிட்டி கடைசி. நாங்க கடைசில லங்காவி வச்சு அங்கிருந்து கேஎல் வந்து அன்னிக்கே ஊருக்கு ஃபிளைட்னு தனித்தனி டிக்கெட் போட்டு வச்சிருந்தோமுங்க, உள்ளூர் ஃபிளைட் மூணு மணி நேரம் லேட்டு, ஊர் ஃபிளைட் போயிருச்சு, தனி டிக்கெட்டுங்கறதால யாரும் பொறுப்பு எடுத்துக்கல, அஞ்சு பேருக்கு புதுசா டிக்கெட் போட்டோம், அந்த காசுல இன்னொரு தடவை லங்காவி போயிருக்கலாம். போகும்போதும் பாருங்க, கேஎல் ஏர்போர்ட்ல டெர்மினல் ரெண்டு இருக்கு, ஒண்ணுல எறங்கி இன்னொண்ணுல ஏறணும்னா ரயில் புடிக்கணும், நாலு மணி நேரமாச்சும் கேப் விடுங்க. குறைஞ்ச ரேட் ஃபிளைட்ல கைல 7 கிலோதான் விடுவாங்க, லக்கேஜுக்கு முன்னாடியே காசு கட்டிருங்க.

லங்காவில மல உச்சிக்கு போற கேபிள் காருக்கு கடைசி நாள வைக்காதீங்க. நாங்க போனன்னிக்கு மேல காத்துன்னு நிறுத்தி வச்சிருந்தாங்க, மறுநாள் காலைல போய்த்தான் ஏறினோம். உங்கம்மா மேல ஸ்டேஷன் வரைக்கும் தாராளமா வரலாம், அங்கிருந்து பக்கத்துல இருக்கற தொங்கு பாலத்துக்கு எறங்குறதுதான் செங்குத்து, அதுக்கு சாய்வு லிஃப்ட் ஒண்ணு இருக்கு, டிக்கெட் தனி, யோசிக்காம எடுத்துருங்க. படகுன்னா கிலிம் பக்கம் மாங்குரோவ் காட்டுக்குள்ள போறது அவங்களுக்கு சரியா வரும், உக்காந்துட்டே கழுகு, குரங்கெல்லாம் பாக்கலாம். மூணு தீவு சுத்தற ஸ்பீட் போட் வேண்டாமுங்க, அல மேல தூக்கி தூக்கி போடும், என் மாமியார் ரெண்டு நாள் இடுப்ப புடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க.

சோத்துக்கட்சி:
ஏன் எல்லாரும் லங்காவி லங்காவின்னு... பினாங்கு போங்கப்பா, தீவும் சிட்டியும் ஒரே எடத்துல. கேஎல் சென்ட்ரல்ல ரயில் ஏறுனா நாலு மணி நேரம் சொச்சத்துல பட்டர்வொர்த், எறங்கி ஃபெரி ஏறுனா ஜார்ஜ் டவுன். மல மேல போறதுக்கும் ரயில் இருக்கு, அம்மாவுக்கு நோகாது. நாசி கண்டார்னு ஒரு சோறு, அதுல நாலஞ்சு குழம்ப ஒண்ணா கலந்து ஊத்தி குடுப்பான் பாருங்க, அதுக்காகவே நான் ரெண்டு தடவ போனேன்.

கிள்ளான்வாசி:
சாப்பாட்டுக்கு பினாங்குதான், ஒத்துக்கிறேன். ஆனா அவரு பசங்க கேக்குறது கடல் லா. பினாங்குல இருக்குற பத்து ஃபிரிங்கி பீச்ல குளிக்கிறத விட செனாங் எவ்வளவோ தேவல. ஆண்டு கடைசில ரயில் டிக்கெட்டும் சீக்கிரமே தீந்துரும்.

திருச்சிக்காரன்77:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், நல்லவேளை ரிசார்ட்டுக்கு போன் பண்ணி சண்ட போடாம இருந்தேன் 🙈 பெர்ஹெந்தியான் கேன்சல். 24 ராத்திரி கிளம்பி 25 லங்காவி, 28 மதியம் கேஎல், 31 ஊரு. பினாங்கு அடுத்த தடவ. ரெண்டே கேள்வி. விசா எடுக்கணுமா? பத்துமலை படி அம்மாவால முடியுமா?

கிள்ளான்வாசி:
30 நாளுக்குள்ளன்னா இந்தியருக்கு விசா வேணாம், இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒண்ணு ஆளுக்கு ஒண்ணு ஆன்லைன்ல போடணும், வந்து எறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள. இலவசம். காசு கேட்டா அது போலி சைட்டு, உடனே மூடிருங்க. ஹோட்டல்ல வெளிநாட்டுக்காரங்ககிட்ட ரூமுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் வரி தனியா வாங்குவாங்க, ஏமாத்துறாங்கன்னு நெனச்சிராதீங்க.

பத்துமலை 272 படி, செங்குத்துதான். காலைல 7 மணிக்கெல்லாம் போயிருங்க, வெயிலும் இருக்காது, கூட்டமும் கம்மி. கேஎல் சென்ட்ரல்லருந்து கொமுட்டர் ரயில் கோயில் வாசல்லயே விடும். முடியலன்னா அம்மா கீழயே உக்காரட்டும், கீழயும் சன்னிதி இருக்கு, 140 அடி முருகன் கண்ணு முன்னாடியே நிக்கிறாரு. சாயங்காலம் கேஎல்ல மழ வரும், வெளிய சுத்துறத காலைலயே முடிச்சிட்டு மத்தியானத்துக்கு மேல மால், பெட்ரோனாஸ் இரட்ட கோபுரம்னு வச்சிக்குங்க. கோபுரத்துக்கு மேல ஏறணும்னா திங்கக்கிழம லீவு, பாத்துக்குங்க.

திருச்சிக்காரன்77:
அம்மாட்ட கீழ உக்காரச் சொல்லிப் பாத்தேன். "மலைக்கோட்டைல நானூறுக்கு மேல படி, அதையே ஏறுனவ நான், இது 272தானடா"ன்னு சொல்லிட்டு முட்டிக்கு தைலம் தேச்சுக்கிட்டு இருக்காங்க.