இலையுதிர்காலப் பழமும் நட்ஸும் கலந்த சாலட்: செய்தவர்கள், சாப்பிட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழக்கூடை:

ஆப்பிளும் பேரிக்காயும் ஒரே சமயத்தில் வந்து குவியும் பருவம் இது. கூடவே புது அறுவடை வால்நட்டும் வந்துவிடும். விருந்துக்கு ஏதாவது கொண்டு வரச் சொன்னால் இந்த மாதங்களில் நான் செய்வது ஒரே சாலட்தான்: லெட்யூஸ் இலை, ஆப்பிள், பேரிக்காய், மாதுளை முத்து, வறுத்த வால்நட், ஒரு பிடி உலர்ந்த கிரான்பெர்ரி. என்னைக் கேட்டால், என்ன பழம் போடுகிறோம் என்பதைவிட எதை எப்போது கலக்குகிறோம் என்பதில்தான் இதன் ருசி இருக்கிறது.

ஒரு தோழி வீட்டு விருந்தில் பார்த்தேன். மாலை விருந்துக்கு மதியமே எல்லாவற்றையும் வெட்டி, உப்பும் டிரெஸ்ஸிங்கும் ஊற்றிக் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டார். பரிமாறும்போது கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. இலை துவண்டு போயிருந்தது. வால்நட்டைக் கடித்தால் சத்தமே வரவில்லை. நல்ல பழம், நல்ல எண்ணெய், எல்லாம் வீண். உப்பும் டிரெஸ்ஸிங்கில் இருந்த தேனும் பழத்தில் உள்ள நீரை வெளியே இழுத்துவிடும், அந்த நீரை நட்ஸ் குடித்துவிடும். அவ்வளவுதான் நடந்தது.

என் டிரெஸ்ஸிங் இது: மூடி இறுக்கமாக உள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஆப்பிள் சைடர் வினிகர் 2 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். இதை முதலில் குலுக்க வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது; அதனால் வினிகரில் உப்பும் தேனும் கரைந்த பிறகுதான் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி ஊற்றி மறுபடி குலுக்கினால் தெளிவாக இருந்தது கலங்கிக் கெட்டியாகும். கடுகு விழுதுதான் எண்ணெயையும் வினிகரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அது இல்லாமல் குலுக்கினால், பாட்டிலைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும்.

வழக்கமாக எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு என்பார்கள். இலை மட்டும் உள்ள சாலட்டுக்கு அது சரி. இனிப்புப் பழம் நிறைய இருக்கும்போது எனக்கு இரண்டுக்கு ஒன்றுதான் பிடிக்கிறது, புளிப்பு எடுப்பாகத் தெரியும். ருசி பார்க்கும்போது கரண்டியில் நக்கிப் பார்க்காதீர்கள், தனியாக எப்போதும் காரமாகவும் புளிப்பாகவும்தான் இருக்கும். ஒரு ஆப்பிள் துண்டைத் தோய்த்துக் கடித்துப் பாருங்கள்.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? வீட்டில், விருந்தில் நடந்ததையும் எழுதுங்கள்.

அரைக்கரண்டி:

நல்ல பேச்சை ஆரம்பித்தீர்கள் அக்கா. நான் பழம் வெட்டும் ஆள். எங்கள் வீட்டில் டிரெஸ்ஸிங் மனைவி பொறுப்பு, கத்தி என் பொறுப்பு.

ஆப்பிள் கறுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். வெட்டியதும் சதையில் உள்ள ஒரு நொதியைக் காற்று தொடுகிறது, பழுப்பு நிறம் வருகிறது. புளிப்பு சேர்ந்தால் அந்த நொதி மந்தமாகிவிடும், அதனால்தான் எல்லோரும் எலுமிச்சை பிழிகிறார்கள். ஆனால் ஓர் அலுவலக விருந்தில், வெட்டிய ஆப்பிள் முழுவதும் எலுமிச்சைச் சாற்றில் குளித்திருந்தது. டிரெஸ்ஸிங்கிலும் வினிகர். ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் தேடினார். நான் பார்த்துக்கொண்டே என் தட்டைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டேன்.

உப்புத் தண்ணீர் இதற்கு எவ்வளவோ மேல். ஒரு கப் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. வெட்டிய துண்டுகளைப் பத்து நிமிடம் மூழ்க வைத்து, சாதாரணத் தண்ணீரில் ஒரு முறை அலசித் துணியில் ஒற்றினால் போதும். உப்புக் கரிக்காது, நீண்ட நேரம் வெள்ளையாகவே இருக்கும். உப்பு வேண்டாம் என்பவர்கள் தேன் கலந்த தண்ணீரிலும் போடலாம், அதுவும் நிறம் மாறுவதைத் தடுக்கும். ஒற்றி எடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரத் துண்டில் டிரெஸ்ஸிங் ஒட்டாது, வழுக்கி அடிக்குப் போய்விடும்.

பேரிக்காய்க்கு இன்னொன்று. அது உள்ளிருந்து வெளியே பழுக்கும். நடுவயிற்றை அமுக்கிப் பார்த்து அது மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் உள்ளே கூழாகியிருக்கும். காம்புக்குப் பக்கத்தில், கழுத்தில், கட்டை விரலால் லேசாக அமுக்குங்கள். அங்கே கொஞ்சம் அமுங்கினால் சாலட்டுக்குத் தயார். காயாகவே இருந்தால் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு சீக்கிரம் பழுக்க வைக்கும்.

மொறுமொறு:

வறுக்காத வால்நட்டை சாலட்டில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை! (சும்மா சொன்னேன். ஆனால் கொஞ்சம் நிஜம்.)

வறுப்பதற்கு முன்னால் ஒரு பருப்பை வாயில் போட்டு மெல்லுங்கள். வால்நட் எண்ணெயில் சீக்கிரம் கெடும் வகைக் கொழுப்பு அதிகம். அலமாரியில் வெதுவெதுப்பான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் காறல் அடிக்கும், பழைய பெயின்ட் வாடைகூட வரும். காறிய பருப்பை எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. நான் வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் போட்டுவிடுவேன்.

ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும், பாதியில் ஒரு முறை குலுக்க வேண்டும். ஓவன் இல்லையா, கனமான வாணலியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நேரத்தை நம்புவதைவிட மூக்கை நம்புவது நல்லது: முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் திடீரென்று சமையலறை முழுக்க மணக்கும். அந்த மணம் வந்ததும் ஒரு பருப்பை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தது வெளிர் தங்க நிறத்துக்கு மாறியிருந்தால் உடனே இறக்க வேண்டும். இறக்கினால் மட்டும் போதாது, வேறு தட்டில் கொட்டுங்கள். சூடான தட்டிலேயே விட்டால் தன் சூட்டிலேயே மேலும் வறுபட்டுக் கசந்துவிடும்.

சூடு இருக்கும்போதே ஒரு சுத்தமான துணியில் கட்டி உள்ளங்கையால் தேயுங்கள். மெல்லிய பழுப்புத் தோல் செதில் செதிலாக உதிரும். வால்நட்டின் கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான். முழுக்க உரிக்க வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம், பாதி போனாலே ருசி மாறிவிடும். என் மாமியார் "எனக்கு வால்நட் ஆகாது, நாக்கு சொரசொரக்கும்" என்று வருடக்கணக்காகத் தள்ளி வைத்தவர். தேய்த்துக் கொடுத்த பிறகு கிண்ணத்திலிருந்து நட்ஸை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார். (சாப்பிட்டதும் தொண்டையோ நாக்கோ அரித்தால் அது வேறு விஷயம், ஒவ்வாமையாக இருக்கலாம். அதில் விளையாடக்கூடாது.)

முழுக்க ஆறிய பிறகே சாலட்டில் சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் இலை வதங்கும்.

நெல்லிமரம்:

மேலே அடைப்புக்குறிக்குள் மொறுமொறு சொன்னதைத்தான் நான் வெளியே எடுத்துச் சொல்ல வந்தேன்.

ஒரு பிறந்தநாள் விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நட்ஸ் ஒவ்வாமை. வீட்டுக்காரருக்குத் தெரியும், அதனால் அவருக்கென்று நட்ஸ் போடாத கிண்ணம் தனியாக வைத்திருந்தார். நல்ல மனசு. அந்தப் பெண் கிண்ணத்தைக் கையில் வாங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "டிரெஸ்ஸிங்கில் என்ன எண்ணெய்ங்க?" வீட்டுக்காரர் முகம் அப்படியே மாறிவிட்டது. வாசனைக்காக வால்நட் எண்ணெய் ஊற்றியிருந்தார். செக்கில் ஆட்டிய நட்ஸ் எண்ணெயில் ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் தங்கியிருக்கும். கிண்ணத்தில் நட்ஸ் இல்லாவிட்டாலும் அந்த சாலட் அவருக்கு ஆபத்துதான். ஒரு கேள்வியில் தப்பினார்.

அன்றிலிருந்து நான் யாருக்குக் கொடுத்தாலும், டிரெஸ்ஸிங்கில் உள்ளதை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். கடுகு உட்பட. கடுகுக்கு ஒவ்வாமையா என்று சிரிக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் ஒன்று. நட்ஸுக்குப் பதிலாக வறுத்த பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் போட்டால் மொறுமொறுப்புக்குக் குறை வராது. ஆனால் விதைகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் தேன் கலந்த டிரெஸ்ஸிங்கை நாக்கில்கூடத் தடவக் கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு நட்ஸும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மயோனைஸ்கட்சி:

எல்லோரும் வினிகர் பக்கம் நிற்கிறீர்கள், நான் ஒருவனாவது எதிர்க்கட்சியில் இருக்கிறேன். ஆப்பிள், செலரி, வால்நட், மயோனைஸ். வால்டார்ஃப் சாலட். நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் 1890களில் பிறந்தது. உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஆஸ்கர் சிர்க்கி சமையல்காரர்கூட இல்லை, விருந்து மண்டப மேற்பார்வையாளர். வேடிக்கை என்னவென்றால் 1896இல் அவர் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இந்த சாலட்டுக்கு ஆப்பிள், செலரி, மயோனைஸ் மூன்றுதான். வால்நட் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது! ஆக, மொறுமொறு என்னோடு பேசாவிட்டாலும் வரலாறு என் பக்கம்.

மயோனைஸ் கனமாகத் தெரிந்தால் பாதிக்குப் பாதி கெட்டித் தயிர் சேர்ப்பேன். எண்ணெய் டிரெஸ்ஸிங் அளவுக்கு இலையைச் சீக்கிரம் துவள விடாது, ஏனென்றால் நான் இலையே போடுவதில்லை.

மொறுமொறு:

வரலாறு இருக்கட்டும், வால்நட் இல்லாத அந்தக் கிண்ணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார்.

புதுக்கரண்டி:

எல்லோருக்கும் வணக்கம், நான் இப்போதுதான் சமைக்கப் பழகுகிறேன். போன வாரம் தோழி வீட்டில் பெர்சிமன் போட்ட சாலட் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு, ஆரஞ்சு நிறத்தில். ஒரு துண்டு வாயில் போட்டதும் நாக்கு, கன்னம், ஈறு எல்லாம் வறண்டு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தும் போகவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பழம் கெட்டதா?

அப்புறம் இன்னொரு சந்தேகம்: விருந்து தொலைவில் இருந்தால் எப்படி எடுத்துப் போவது? பூண்டு தட்டிப் போட்டு டிரெஸ்ஸிங் மொத்தமாகச் செய்து வைக்கலாமா?

பழக்கூடை:

பழம் கெடவில்லை மா, ரகம் மாறிவிட்டது. பெர்சிமனில் இரண்டு வகை உண்டு. தக்காளி மாதிரி தட்டையாக இருப்பது ஃபுயூ. கெட்டியாக இருக்கும்போதே ஆப்பிள் போல் கடித்துச் சாப்பிடலாம், சாலட்டுக்கு அதுதான். கீழே கூம்பி நீளமாக இருப்பது ஹச்சியா. தொட்டால் கூழாக அமுங்கும்வரை பழுக்காவிட்டால் துவர்ப்பு தாங்காது. உங்கள் தோழி ஹச்சியாவைக் கெட்டியாக வெட்டிப் போட்டிருப்பார்.

எடுத்துப் போக, நான் செய்வது இது. ஆழமான டப்பாவின் அடியில் டிரெஸ்ஸிங். அதன்மேல் ஆப்பிள், பேரிக்காய்த் துண்டுகள். வினிகர் படுவதால் நிறமும் மாறாது. அதற்குமேல் கிரான்பெர்ரி, மாதுளை. உச்சியில் நன்றாகத் துடைத்த இலை. நட்ஸ் தனிப் பொட்டலம். போன இடத்தில் பெரிய கிண்ணத்தில் கவிழ்த்துக் கையால் புரட்டி, மேலே நட்ஸ் தூவினால் ஆயிற்று. டப்பாவைச் சாய்க்காமல் மடியில் வைத்துப் போவதுதான் சிரமம். மாதுளையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து உதிர்த்தால் முத்து அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும். சட்டையும் தப்பிக்கும்.

பூண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், போட்டுலிசம் (botulism) என்ற கடுமையான உணவு நச்சு நோயைத் தரும் கிருமி வளரும், வாடையோ நிறமோ மாறாது. பூண்டு வேண்டுமென்றால் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் தட்டிப் போடுங்கள், மீந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். பூண்டு இல்லாத டிரெஸ்ஸிங் ஒரு வாரம்போல் அங்கே தாங்கும். ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைந்து கட்டியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குலுக்குங்கள்.

புதுக்கரண்டி:

நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை செய்யப் போகிறேன், ஃபுயூ கிடைக்காவிட்டால் பேரிக்காயோடு நிறுத்திக்கொள்கிறேன். கழுத்தை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன், கடைக்காரர் முறைத்தாலும்.