நட் இறங்கியது, சக்கரம் உட்காரவில்லை: அலாய் வீல் மாற்றியவர்களின் அனுபவப் பகிர்வு

காரைக்குடியிலிருந்து:

என்னுடையது 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். போன தைப் பொங்கலுக்கு முன்னால் 14 அங்குல இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் வீலும் புது டயரும் போட்டேன். கடையில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நாலு ஓட்டை, நூறு தானே?" ஆமாம் என்றேன். நான்கு போல்ட்டுகளின் நடுப்புள்ளிகளையும் சேர்த்து ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 100 மி.மீ. இதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். அதில் தவறே இல்லை. நட்டுகள் நான்கும் இறங்கின, வண்டியும் பார்க்க எடுப்பாக இருந்தது.

ஊருக்குள் ஓட்டிய இரண்டு வாரமும் ஒன்றும் தெரியவில்லை. கல்லுக்கட்டிப் பக்கம் 40-க்கு மேல் யார் போக முடியும்? அப்பச்சியையும் ஆத்தாளையும் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பிய அன்றுதான் வினை தெரிந்தது. திருமயம் தாண்டி வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் துடித்தது. 85-இல் ஆத்தாளின் காலடியில் இருந்த மாவுருண்டைச் சம்படத்தின் மூடி கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. 70-க்கு இறங்கினால் அடங்கிவிடும், ஏறினால் மறுபடி ஆடும். அப்பச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தவர் திருச்சி வரும்வரை விடவே இல்லை.

திரும்பி வந்து மூன்று முறை வீல் பேலன்சிங் (சுற்றும்போது சக்கரத்தின் எடை ஒரு பக்கம் சாயாமல் சமப்படுத்துவது) செய்தேன். மூன்று முறையும் இயந்திரம் எடை வித்தியாசம் பூஜ்யம் என்றே காட்டியது. முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டார்கள். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் சீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். டயர்தான் குறை என்றார்கள். அதற்கு மேல் செலவு செய்ய மனம் வராமல் செக்காலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அம்பாசிடர் காலத்திலிருந்து தொழில் செய்பவர்.

அவர் இயந்திரம் எதையும் தொடவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே ஓர் ஆணியை ரிம்மின் விளிம்பை உரசாமல் உரசும் அளவில் வைத்தார். பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஒரு பக்கம் வரும்போது ரிம் ஆணியைத் தொட்டது. எதிர்ப்பக்கம் வரும்போது ஒரு தடித்த அட்டை நுழையும் அளவுக்கு விலகியது. "தம்பி, சக்கரம் வட்டமாகத்தான் இருக்கிறது. மாட்டியிருக்கிற இடம்தான் நடு இல்லை" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியை என் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னார். சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகமான ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டம் 54 மி.மீ. புது அலாய் வீலின் நடு ஓட்டை 73.1 மி.மீ. சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் வெற்றிடம். ஒரே சக்கரத்தைப் பல வண்டிகளுக்கு விற்க வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாக வைத்தே வார்க்கிறார்கள். பழைய இரும்புச் சக்கரம் ஹப்பின்மேல் பிடித்தாற்போல் உட்காரும். நட் போடுவதற்கு முன்பே அது நடுவில்தான் இருக்கும். புதியது நான்கு நட்டுகளை மட்டுமே நம்பித் தொங்குகிறது. பேலன்சிங் இயந்திரமோ நடு ஓட்டையில் கூம்பைச் செருகிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. அங்கே சக்கரம் தன் நடுவில் சுற்றுகிறது, வண்டியில் வேறொரு நடுவில் சுற்றுகிறது. பூஜ்யம் காட்டியது பொய்யில்லை; அது அளந்தது வேறு.

அடிப்பக்கம் கூம்பாக இருக்கும் நட்டால் சக்கரம் நடுவுக்கு வராது என்று நான் சொல்லவில்லை. சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே நான்கையும் கையால் திருகி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வரும். அன்றைக்கே அவர் அப்படிச் செய்தபோது நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு பஞ்சருக்கும் அந்தப் பொறுமையோடு யார் மாட்டுவார்கள்? காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன்னால் முதல் நட்டை ஒரே அடியாக இறுக்கினால் சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்கிறது. மற்ற மூன்றும் அந்தச் சாய்வை அப்படியே பூட்டிவிடுகின்றன.

ஹப்புக்கும் நடு ஓட்டைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 54.1. முதலில் எனக்கு வந்தது 56.1 உள்விட்டம், ஹோண்டாவுக்கானது. "இரண்டு மில்லிமீட்டர்தானே, போடுங்கள்" என்றார் விற்றவர். அந்த இரண்டு மில்லிமீட்டரை ஒழிக்கத்தானே வளையமே வாங்குகிறோம்! திருப்பி அனுப்பிச் சரியானதை வாங்கினேன். கட்டைவிரலால் அழுத்தியதும் வளையம் சக்கரத்துக்குள் அமர்ந்தது. சக்கரத்தைத் தூக்கி ஹப்பில் வைத்துத் தள்ளினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். நட் ஒன்றுகூட இல்லாமல் கையை எடுத்தேன். சக்கரம் அப்படியே நின்றது. அந்த ஒரு கணத்தில் இவ்வளவு நாள் பட்ட பாடு என் கண்முன் வந்து போனது.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடி அண்ணன் நடு ஓட்டையைச் சொன்னார். நான் நட்டில் அடிபட்டவன். என்னுடையது டிசையர். அலாய் வீலோடு பளபளவென்று புது நட்டுகளும் கொடுத்தார்கள். மாட்டிய பையன் கையால் இரண்டு சுற்று திருகினான், மூன்றாவது சுற்றில் நின்றது. புது நட் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஏர் கன்னை வைத்தான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாருதியின் போல்ட்டும் 12 மி.மீ.தான், டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் போல்ட்டும் 12 மி.மீ.தான். ஆனால் மாருதிக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., மற்ற மூன்றுக்கும் 1.5. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தொண்டி சாலையில் பத்து நாள் கழித்து இடப்பக்கம் 'டக் டக்' என்று கேட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு நட் விரலிலேயே சுற்றுகிறது. கழற்றியபோது போல்ட்டிலிருந்து வெள்ளிச் சரிகை போல உலோக இழை சுருண்டு வந்தது. அது என் போல்ட்டின் மரை. மூன்று போல்ட்டுகளை அடித்து எடுத்துவிட்டுப் புதியவை போட வேண்டியதாயிற்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்காமல் போயிருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நட் ஐந்தாறு சுற்றாவது வெறும் விரலால் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஏர் கன்னைத் தொடவே விடாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

எனக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. ஹோண்டா சிட்டிக்கு, ஸ்விஃப்டில் இருந்து கழற்றிய சக்கரங்கள் மலிவாகக் கிடைத்தன. நான்கு ஓட்டை, நூறு, எல்லாம் ஒத்துவந்தது. சிட்டியின் ஹப் 56.1, சக்கரத்தின் ஓட்டை 54.1. உள்ளே போகவே இல்லை. நட்டை இறுக்கினால் தானாக உட்கார்ந்துவிடும் என்று ஒருவர், லேத்தில் கடைந்துவிடலாம் என்று இன்னொருவர். கடைபவர் சக்கரத்தின் நடுவைச் சரியாகப் பிடிக்காவிட்டால் காரைக்குடி அண்ணன் பட்ட அதே பாட்டை நான் காசு கொடுத்து வாங்கியிருப்பேன். வாங்கிய விலைக்கே விற்றுவிட்டேன். இன்னொன்று: ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் கூம்புக் குழிதான். இரண்டும் சேராது.

கானாடுகாத்தானிலிருந்து:

நான் சுற்றுலாப் பயணிகளுக்கு இன்னோவா ஓட்டுகிறேன். மாளிகை பார்க்க வருகிறவர்களை ஏற்றி ராமேசுவரம் வரை அடிக்கடி போய்வருவேன். ஐந்து ஓட்டைச் சக்கரத்தில் எதிரெதிரே போல்ட் இருக்காது. எனவே பி.சி.டி. காண அடுத்தடுத்த இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். இன்னோவாவுக்கு 67.2 மி.மீ. வரும், பெருக்கினால் 114.3. நடு ஓட்டை 60.1. எட்டுப் பேர் ஏறும் வண்டி என்பதால் சக்கரத்தின் பின்பக்கம் பொறித்திருக்கும் எடைத் தாங்கலையும் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரையையும் பார்த்த பிறகுதான் நான் விலையே கேட்டேன்.

வளையம் பற்றி ஒரு சொல். முதலில் பிளாஸ்டிக் போட்டேன். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் சூட்டில் ஒன்று இளகி ஓரம் பிதுங்கியது. பிறகு அலுமினியம் போட்டேன். ஓராண்டு கழித்துச் சக்கரம் ஹப்பை விட்டு வரவே இல்லை. கடற்காற்றின் உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அரிப்பு ஏறும். 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வளையம் உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுகிறேன். போல்ட் மரையில் பூசக் கூடாது. பூசினால் அதே இறுக்கத்தில் நட் அளவுக்கு மீறி இறங்கிப் போல்ட்டை இழுத்துவிடும்.

காரைக்குடியிலிருந்து மறுபடி:

கானாடுகாத்தான் அண்ணனுக்கு நன்றி, என் வளையத்தையும் கழற்றிப் பூசிவிட்டேன். புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் ஆஃப்செட் பற்றிக் கேட்டிருந்தார். சக்கரம் ஹப்பில் படியும் முகம் ரிம்மின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ரிம்மின் அகலம் மாறாமல் 45 இருக்கும் இடத்தில் 35 போட்டால் சக்கரம் வெளியே 10 மி.மீ. தள்ளி நிற்கும். ஆள் ஏறாதபோது மட்கார்டில் உரசாத டயர், பின் சீட்டில் மூன்று பேர் ஏறியதும் உரசலாம். கடையிலேயே ஆட்களை உட்காரவைத்துப் பாருங்கள்.

ஸ்டெப்னி விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். என் ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரம்தான். பஞ்சர் ஆகி அலாய் வீலைக் கழற்றும்போது வளையம் ஹப்பிலேயே தங்கிவிடலாம். அதை எடுக்காமல் இரும்புச் சக்கரத்தை மாட்டினால் சக்கரம் ஹப்போடு முகத்தோடு முகம் படியாது. இருட்டில், மழையில் இது கண்ணில் படாது. வளையத்தை நெம்பி எடுக்க இரும்பு உளி ஒன்றை ஜாக்கியோடு கட்டி வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி திருச்சிக்குப் போனோம். திருமயம் கோட்டைக்கு எதிரே நிறுத்தி நட்டுகளை ஸ்பானரால் ஒருமுறை பார்த்தேன். புது அலாய் வீல் மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓடியதும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். இடப்பக்க முன் சக்கரத்தில் ஒன்று கால் சுற்று இறங்கியது. பிறகு 95 வரை போனேன். சம்படம் அதே இடத்தில்தான் இருந்தது, மூடி அசையவில்லை. கீரனூர் வருவதற்குள் அப்பச்சி தூங்கிவிட்டார்.