கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்?

கணக்கு டீச்சர்:
பதினோரு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். நான் பாரபட்சம் பார்க்காதவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை ஒரு தாள் கெடுத்துவிட்டது.

சக ஆசிரியை ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, நான் யாரிடம் கேள்வி கேட்கிறேன் என்று மட்டும் குறிக்கச் சொன்னேன். இருக்கை வரிசைப்படி கட்டம் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. மணி அடித்ததும் தாளை நீட்டினார். முதல் இரண்டு பெஞ்சில் கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டுக் கட்டியிருந்தன. சுவரோரம் முழுக்க வெள்ளை. அங்கே இருந்த ஒரே கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில், 'பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டீர்கள்' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கோட்டுக்குரிய பெண், வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாதவள். சுருக்கமாகச் சொன்னால், பள்ளியை மட்டுமே நம்பி வருகிறவள்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் இதைத்தான் ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 வினாடி. சுமாராகப் படிப்பவர்கள் என்று முத்திரை விழுந்த பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. 3 வினாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று செருப்புக்குள் கால்விரலை அழுத்தி எண்ண ஆரம்பித்தேன். மூன்று வினாடி என்பது வகுப்பில் ஒரு யுகம்! முன்பெஞ்சில் 'மிஸ், நான் மிஸ்' என்று ஒரே ரகளை. நான்காம் நாள் அந்தச் சுவரோரப் பெண்ணிடம் 1/4 + 1/4 கேட்டேன். எண்ணி முடித்த பிறகு '2/8' என்றாள். மேலும் மேலும், கீழும் கீழும் கூட்டியிருக்கிறாள். 'காலும் காலும்?' என்றேன். 'அரை மிஸ்' என்று பட்டென்று வந்தது. அரை தெரிந்த பிள்ளையை இத்தனை மாதம் கணக்கு வராதவள் என்று வைத்திருந்தேன்.

பழைய மாணவன்:
என் கதை வேறு, டீச்சர். எங்கள் வகுப்பில் 'இலவசப் புத்தகம் வேண்டியவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்பார்கள். நான் ஒரு வருடமும் எழுந்ததில்லை. பக்கத்துப் பையனின் புத்தகத்தை எட்டி எட்டிப் பார்த்தே எட்டாம் வகுப்பு முடிந்தது. அப்புறம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அக்கா ஒருவர், பள்ளி திறக்கும் முன்பே எல்லோருடைய மேசையிலும் புத்தகங்களை வைத்துவிட்டார். யாருடையது இலவசம் என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

தலைமையாசிரியர்:
வினாடி எண்ணுவது நல்லதுதான் டீச்சர். ஆனால் கால அட்டவணையையும் கொஞ்சம் பாருங்கள். எங்களிடம் படிப்பில் பின்தங்கியவர்களைச் சேர்த்த வகுப்புப் பிரிவில்தான் பிள்ளைகள் அதிகம், ஆசிரியரும் ஆகப் புதியவர், கணக்கு எப்போதும் கடைசிப் பீரியட். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டு தொடக்க வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பைவிட 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பில் படிப்பு முன்னேறியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். நாங்கள் அதை அப்படியே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்!

போன வருடம் எங்கள் மூத்த கணக்கு ஆசிரியரை அந்தப் பிரிவுக்கு மாற்றினேன். முதல் பிரிவுப் பெற்றோர் மறுநாளே அறை வாசலில் நின்றார்கள்.

கணக்கு டீச்சர்:
அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் சார்? எனக்கும் அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது.