கிரைண்டர் மாடல்: ஓஆர்எம் ஒட்டுக்கா அடைக்கலாமா, தனித்தனியா விடலாமா?

நொய்யல்கரை:
சப்ஸ்டன்ஸ் பெயின்டரிலிருந்து (3டி மாடலுக்கு நிறம் பூசும் மென்பொருள்) அன்ரியல் விளையாட்டு எஞ்சினுக்குப் போகிற ஒரு கோவை வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். எவர்சில்வர் டிரம், உள்ளே கருங்கல், வெளியே பிளாஸ்டிக் உடம்பு. எல்லாம் ஒரே 2048 டெக்ஸ்சர் செட், அதாவது 2048×2048 பிக்சல் மேற்பரப்புப் படங்களின் ஒரு தொகுப்பு. அன்ரியல் பேக்டு டெம்ப்ளேட் ஒரு ஓஆர்எம் படம் தரும்: சிவப்பு சேனலில் ஆக்லூஷன் (இடுக்கு நிழல்), பச்சையில் ரஃப்னஸ் (சொரசொரப்பு, குறைந்தால் பளபளக்கும்), நீலத்தில் மெட்டாலிக் (உலோகம் 1, இல்லாவிட்டால் 0). அதை அப்படியே அன்ரியலின் மாஸ்க்ஸ் என்ற கம்ப்ரஷனில் (படத்தைச் சுருக்கும் அமைப்பு) போடுவதுதான் வழக்கம். அது தப்பு, மூன்றும், முக்கியமாக ரஃப்னஸ், தனித்தனிப் படமாகப் போக வேண்டும் என்பது என் கட்சி.

மாஸ்க்ஸ் என்றால் உள்ளே பிசி1 (BC1; பிசி என்றால் பிளாக் கம்ப்ரஷன், கட்டம் கட்டமாகச் சுருக்கும் முறை). 4×4 பிக்சல் கட்டத்துக்கு முனை நிறம் இரண்டு, இடை நிறம் இரண்டு, நான்கும் ஒரே நேர்கோட்டில். சாதாரணப் படத்தில் மூன்று சேனலும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் தாங்கும். இங்கே மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. டிரம்மும் கல்லும் சேர்கிற விளிம்பைக் கிட்டத்தில் பாருங்கள்: மெட்டாலிக் 1லிருந்து 0க்குக் குதிக்கிறது, ரஃப்னஸில் மயிரிழைக் கீறல், ஆக்லூஷன் இருண்டுகொண்டே போகிறது. கீறல் படிப்படியாக உடையும். கல்லின் மேல் உலோக மினுக்கம் கசியும்.

வாய்க்கால்மேடு:
ஏனுங்ணா, குத்தம் பிசி1 மேலதானுங்க, ஒட்டுக்கா அடைக்கறது மேல இல்லீங்க. அதே ஃபைலை பிசி7ல போட்டுப் பாருங்க. அது ஒரு கட்டத்தை ரெண்டு மூணு கூறாப் பிரிச்சு, கூறுக்கு ஒரு ஜோடி முனை நிறம் வெச்சுக்கும். எவர்சில்வர் ஒரு கூறு, கல்லு ஒரு கூறு, ஒண்ணு மேல ஒண்ணு கசியறது பெரும்பாலும் நின்னுரும்.

மிப்மேப்போட (தூரத்துக்குன்னு வெச்சிருக்கற சின்ன நகலுங்க) சேத்துக் கணக்கு: 2048ல பிசி1 2.67 எம்பி, பிசி7 5.33 எம்பி. நீங்க சொல்ற மாதிரி மூணு படம், ஒவ்வொண்ணும் ஒரே சேனலை மட்டும் சுருக்கற பிசி4னா 8 எம்பி. ஷேடர் (திரையில நிறத்தைக் கணக்குப் போடற நிரல்) ஒரு தடவை படிக்கறதை மூணு தடவை படிக்கோணும்.

ஒரே ஒரு சங்கதி கவனமா இருக்கோணும். மாஸ்க்ஸ் எடுத்தா எஸ்ஆர்ஜிபி டிக் (படத்தை நிறமா நெனச்சு மதிப்பை வளைச்சுப் படிக்கறது) தானா அணையும். பிசி7 எடுத்தா அணையாது, கையால எடுக்கோணும். மெட்டீரியல்ல சாம்ப்ளரை (படத்தைப் படிக்கற அமைப்பு) லீனியர் கலர்னு மாத்தோணும். விட்டுட்டீங்கன்னா 0.5 ரஃப்னஸ் 0.21ஆப் படிக்கும். மெட்டாலிக்ல 0ம் 1ம் மாறாம இருக்கறதால டிரம் உலோகமாவேதான் தெரியும், பிளாஸ்டிக் உடம்பு தண்ணி ஊத்தின மாதிரி மின்னும். இங்கதான் நெறையப் பேரு பெயின்டருக்குத் திரும்பிப் போய் ரஃப்னஸை ஏத்தறாங்க. அப்பறம் டிக்கை எடுத்தா எல்லாம் சுண்ணாம்பு பூசினாப்பல ஆயிரும்.

நொய்யல்கரை:
எஸ்ஆர்ஜிபி விஷயத்தில் மறுப்பே இல்லை தம்பி. ஆனால் அந்த 8 எம்பி, மூன்றும் 2048ஆக இருந்தால்தான். ஆக்லூஷன் மெதுவாக மாறுவது, 512 போதும்: 0.17. மெட்டாலிக் 1024: 0.67. ரஃப்னஸ் மட்டும் முழு 2048: 2.67. கூட்டினால் 3.5 எம்பி, உங்கள் பிசி7ஐ விடக் குறைவு. பிசி4 ஒரு கட்டத்துக்கு எட்டுப் படிகளை அந்த ஒரே சேனலுக்குக் கொடுப்பதால் கீறலும் பிழைக்கும்.

பெயின்டரில் அவுட்புட் டெம்ப்ளேட்டில் மூன்று கிரே படம் சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். அளவு டெக்ஸ்சர் செட்டுக்கு ஒன்றுதான் என்பதால், அன்ரியலில் ஒவ்வொரு படத்துக்கும் மேக்சிமம் டெக்ஸ்சர் சைஸை இறக்குங்கள். கம்ப்ரஷன் ஆல்ஃபா, அதுதான் பிசி4. கிரேஸ்கேல் என்ற பெயரைப் பார்த்து அதை எடுக்காதீர்கள், அது கம்ப்ரஸ் ஆகாது, இரண்டு மடங்கு இடம். சாம்ப்ளர் சோர்ஸை ஷேர்டு ராப் ஆக்கினால் ஒரு மெட்டீரியலுக்கான 16 சாம்ப்ளர் வரம்பும் இடிக்காது.

காங்கயம்காளை:
ரெண்டு பேருமே பிசி (BC) கம்ப்ரஷன் பற்றியே பேசறீங்க. ஃபோனுக்கு அது கிடையாது, ஏஎஸ்டிசி என்ற வேறு சுருக்கும் முறைதான். அதில் கட்டத்தின் எடை (பிட் அளவு) மாறாது, உள்ளே ஒரு சேனல் இருந்தாலும் மூன்று இருந்தாலும். 6×6ல் பிக்சலுக்கு 3.56 பிட். ஒரே அளவில் மூன்று படம் என்றால் மூன்று மடங்கு. ஃபோனுக்கு அடைத்துத்தான் ஆக வேண்டும்.

நொய்யல் அண்ணா, மெட்டாலிக்கை 1024 ஆக்கினால் உங்கள் அந்த விளிம்பே கெடும். 0க்கும் 1க்கும் நடுவில் அரை உலோகம் உருவாகி, சேர்கிற இடத்தில் கோடு விழும். டிரம்மையும் கல்லையும் வேறு வேறு யூவி தீவாக (மேற்பரப்பைத் தட்டையாக விரித்த துண்டு) வெட்டி, இன்ஃபினிட் டைலேஷனோடு ஏற்றுமதி செய்தால் அவரவர் மதிப்பே வெளியே நீளும், கோடு வராது. டிரம்மில் துரு, மாவு வரையாவிட்டால் மெட்டாலிக் படமே வேண்டாம்: டிரம்முக்கு ஒரு மெட்டீரியல், மதிப்பு 1. டிரா கால் (வரையச் சொல்லும் கட்டளை) ஒன்று கூடும், அவ்வளவுதான்.

வாய்க்கால்மேடு:
அந்தத் தீவு வெட்டறது சரிங்க, அதை எந்த வழியில போனாலும் செய்யோணும்.

கம்ப்ரஷனைத் திட்டறதுக்கு முன்னால நார்மல் படத்தையும் (மேடு பள்ளம் காட்டறது) பாத்துருங்க. அன்ரியல் டெம்ப்ளேட் எஞ்சினுக்கு வேண்டிய டைரக்ட்எக்ஸ் நார்மலாவே எழுதிக் குடுக்குது. எஞ்சின்ல ஃபிளிப் கிரீன் சேனலையும் டிக் பண்ணினா திரும்பவும் கவுந்துரும். கீறல் பள்ளமா இல்லாம மேடாத் தெரியும். லைட்டை மேல இருந்து கீழ கொண்டு வந்தா உடனே புடிபடும்.

தூரத்துல டிரம் பொரிப்பொரியா மின்னுனா, ரஃப்னஸ் இருக்கற படத்தோட காம்போசிட் டெக்ஸ்சர்ல நார்மலைக் குடுங்க. ஓஆர்எம்னா நார்மல் ரஃப்னஸ் டு கிரீன், தனிப்படம்னா டு ரெட். தனிப்படத்துல கிரீன்னே விட்டா ஒரு பலனும் இருக்காது.

நொய்யல்கரை:
ஃபோனுக்கு அடைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். மெட்டாலிக்கையும் 2048க்கே ஏற்றிவிடுகிறேன்: மொத்தம் 5.5 எம்பி, உங்கள் பிசி7க்குக் கிட்டத்தட்ட சமம். கேமரா டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிற கணினி விளையாட்டில் நான் தனிப்படம்தான். பஃபர் விஷுவலைசேஷனில் (ஒரு மதிப்பை மட்டும் திரையில் காட்டும் அன்ரியல் பார்வை) ரஃப்னஸை எடுத்து, அதே விளிம்பில் பிசி7ஐயும் பிசி4ஐயும் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள் தம்பி. கீறல் எதில் முழுசாக நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.