பழைய பைபர்கிளாஸ் போட் வாங்கப் போறவை முதல்ல ட்ரான்சத்தைத் தட்டிப் பாருங்கோ – என்ர அனுபவம்

ஒன்ராறியோவில ஏப்ரல் வந்தாக் காணும், "சும்மா கொண்டு போங்கோ" எண்டு பழைய 16 அடி பைபர் போட்டுகள் ட்ரெய்லரோட விளம்பரத்தில வரத் தொடங்கிடும், படத்தில பாக்க நல்ல வடிவாத்தான் இருக்கும். வாங்கிற யோசனையில இருக்கிற ஆக்களுக்காண்டி இதை எழுதுறன். நான் எடுத்தது 70களில செய்த ட்ரை-ஹல் (அடிப்பக்கம் மூண்டு முதுகா இருக்கிற போட்) ஒண்டு. சிம்கோ ஏரிக்குக் கிட்ட ஒருத்தற்ற கொட்டிலுக்குப் பின்னால கன வருசமாக் கிடந்தது, தார்ப்பாய் கிழிஞ்சு உள்ளுக்க இலையும் தண்ணியும், தண்ணி வடிய விடுற ட்ரெயின் பிளக்கைக் கழட்டாமலே விட்டிட்டுப் போயிருக்கினம். இங்கத்தைய குளிருக்கு அது ஒண்டே போதும். நிண்ட தண்ணி உறையும், விரியும், உருகும், அடுத்த மாரிக்குத் திரும்பவும் உறையும், இருக்கிற கீறல் வருசா வருசம் பெருத்துக்கொண்டு போகும்.

பைபர் உக்காது எண்டு கனபேர் நம்பி வாங்கினம். பைபர் லேசில உக்காது, அது உண்மைதான். உக்கிறது அதுக்குள்ள இருக்கிற மரம். அந்தக் காலத்துப் போட்டுகளில எஞ்சின் கொழுவுற பின்சுவரை, அதுதான் ட்ரான்சம், இரண்டு பைபர் தோலுக்கு நடுவில பிளைவுட் வைச்சுத்தான் அனேகமாச் செய்யிறவை. தரைக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற ஸ்ட்ரிங்கரும் மரத்துக்கு மேல பைபர் சுத்தினதுதான். எஞ்சின் போல்ட் ஓட்டை, ட்ரெயின் குழாய் ஓட்டை, ஆரோ ஒரு காலத்தில ஃபிஷ் ஃபைண்டர் (மீன் தேடுற கருவி) பூட்ட அடிச்ச ஸ்க்ரூ ஓட்டை, இதுகளுக்குள்ளால தண்ணி போனா பிறகு வெளிய வர வழியில்ல.

போட்டை ட்ரைவ்வேயில நிப்பாட்டியிருக்கேக்க எங்கட ஏரியாவில இருக்கிற ஒரு ஐயா நடக்கப் போனவர் நிண்டு பாத்தார். "தம்பி, எத்தினை அடி? ஆரிட்ட வேண்டினனீர்?" எண்டு கேட்டிட்டு நேர பின்பக்கம் போயிட்டார். கதைச்சுப் பாத்தா மனுசன் 70களில காரைநகர் சீநோரில போட் கட்டின ஆள்! நோர்வேக்காரற்ற உதவியோட தொடங்கின யாட் அது, வடக்குக் கடலில மர வள்ளங்களுக்குப் பக்கத்தில பைபர் போட்டுகள் வரத் தொடங்கின காலம். என்னட்ட இருந்த ஸ்க்ரூ ட்ரைவரை வாங்கி, பிடிப்பக்கத்தால ட்ரான்சத்தை மேல இருந்து கீழ வரிசையாத் தட்டிக்கொண்டு வந்தார். மேல் மூலையில டக் டக் எண்டு காய்ஞ்ச சத்தம். நடுவுக்கு வர வர சத்தம் செத்துக்கொண்டு போச்சு. எஞ்சின் போல்ட்டுக்குக் கீழ வெறும் தொப் தொப். "வெளித்தோலில கை வைக்காதையும், உள்பக்கத்தால சின்னதா ஒரு ஓட்டை போட்டுப் பாரும்" எண்டார்.

ட்ரில்லை வைக்க முதல்ல பைபரின்ர வெள்ளைத் தூள் வந்துது, அதுக்குப் பிறகு கறுத்த ஈரத் தூள் பிட்டில ஒட்டிக்கொண்டு வந்துது, வெளிய இழுத்த உடன மண்ணிறத் தண்ணி வழிஞ்சு தரைக்கு வந்திட்டுது. உள்தோலை கிரைண்டரால வெட்டி எடுத்தா பிளைவுட் ஊறின புண்ணாக்கு மாதிரி, உளி தேவைப்படேல்ல, கையாலயே அள்ளினன். இதில ஒரு 40 குதிரைவலு எஞ்சினைக் கொழுவிக்கொண்டு ஏரிக்கு நடுவில போயிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்க இப்பவும் பயமாத்தான் இருக்கு. சும்மா பெயின்ட் அடிச்சு விக்கிற ஆக்களில எனக்குக் கோவம் வாறதும் இதாலதான், அந்தப் போட்டில பிள்ளையளை ஏத்திக்கொண்டு போவினம் எல்லோ.

பழைய பலகையின்ர அளவுக்கு காட்போட் வெட்டி, அதை வைச்சு முக்கால் இஞ்சி மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி ஒண்டரை இஞ்சிக்குக் கொண்டுவந்தன். வெளித்தோலை அப்பிடியே விட்டபடியால வடிவம் மாறேல்ல. பைபர் துணியில ஊற விட்டு இறுக வைக்கிற பிசின், அதுதான் றெசின், அந்த விசயத்தில எனக்கும் ஐயாவுக்கும் பெரிய வாக்குவாதம். அவர் பொலியெஸ்டர் றெசினும் சொப்ட் மாட்டும் (துண்டு துண்டா வெட்டின பைபர் நாரைப் பசையால ஒட்டின விரிப்பு) தான் எண்டு நிண்டார், அந்த வேலையில கை ஊறின ஆள். நான் எபொக்சி றெசின்தான் பாவிச்சன், பழைய பொலியெஸ்டருக்கு மேல எபொக்சி நல்லாப் பிடிக்கும், ஆனா இறுகின எபொக்சிக்கு மேல பொலியெஸ்டர் அவ்வளவு நல்லாப் பிடிக்காது, அதால ஒண்டைத் தொடங்கினா முடியுமட்டும் அதோடயே போறது நல்லது. சாதாரண சொப்ட் மாட்டில இருக்கிற பசை கரைய பொலியெஸ்டரில இருக்கிற ஸ்டைரீன் எண்ட இரசாயனம் வேணும், எபொக்சியில அது கரையாது, அதால 1708 எண்டு வாற தைச்ச துணியை எடுத்தன். ஆனா ரோலர் பிடிக்கிற விதம் முழுக்க ஐயா காட்டித் தந்தது. நடுவில இருந்து கரைக்கு மெதுவாத் தள்ளவேணும், அமத்தி உருட்டினா றெசின் எல்லாம் வெளிய போய் துணி காய்ஞ்சிடும். "காத்து நிக்க விட்டா நாளைக்கு அதுக்குள்ளதான் தண்ணி நிக்கும் தம்பி" எண்டு ஒவ்வொரு குமிழையும் தேடித் தேடிக் காட்டினார்.

போல்ட் ஓட்டையளைத்தான் கனபேர் கவனிக்கிறேல்ல. ஓட்டையைப் பெரிசா ட்ரில் பண்ணி, தடிப்பாக்கின எபொக்சியால அடைச்சு, இறுகின பிறகு அதுக்கு நடுவில சரியான சைஸில திரும்பத் துளைக்கவேணும். அப்ப போல்ட்டைச் சுத்தி எபொக்சிதான் இருக்கும், சீலன்ட் பழுதாகினாலும் தண்ணி மரத்தைத் தொடாது.

கிரைண்டர் பிடிக்கேக்க நல்ல றெஸ்பிரேட்டர், முழு உடுப்பு, கண்ணாடி கட்டாயம் போடுங்கோ. பைபர் தூள் தோலில ஏறினா சுடுதண்ணியில குளிக்காதேங்கோ, பச்சைத் தண்ணிதான்.

ஜெல்கோட், அதுதான் வெளிய இருக்கிற நிறப் பூச்சு, பெரிய வேலையில்ல. 600இல தொடங்கி 1500 வரைக்கும் தண்ணி விட்டு சாண்ட் பேப்பர் தேய்ச்சு, கொம்பவுண்ட் போட்டு மெழுகு பூச பழைய நீலம் திரும்ப வந்திட்டுது.

எஞ்சின் பழைய ஜோன்சன் டூ ஸ்ட்ரோக். அதின்ர சகோதர பிராண்ட் எவின்றூட்டின்ர எஞ்சின் உற்பத்தி 2020இல நிண்டிட்டுது, ஆனா இம்பெல்லர் (எஞ்சினைக் குளிராக்கத் தண்ணி இறைக்கிற றப்பர் சக்கரம்), காப்ரேட்டர் கிட் எல்லாம் வேற கொம்பனியள் இப்பவும் செய்யினம், பயப்பிடத் தேவையில்ல. வாங்க முதல் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வாற அமுக்கம்) பாருங்கோ, இரண்டு சிலிண்டருக்கும் 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா வேண்டாம். கீழ கியர் ஒயிலைத் திறக்க பால் நிறத்தில வந்தா சீல் பழுதாப் போச்சு, தண்ணி உள்ள போயிட்டுது. தண்ணி இல்லாம ஸ்டாட் பண்ண விடாதேங்கோ, இம்பெல்லர் றப்பர் கொஞ்ச நேரத்திலயே கருகிடும்.

பேப்பர் விசயம்: 1981 ஓகஸ்ட்டுக்கு முதல் செய்த போட்டுகளில ஹல் நம்பர் (போட்டின்ர உடம்பில பதிக்கிற அடையாள நம்பர்) இல்லாமலும் இருக்கும், அதுக்காக களவுப் போட் எண்டு நினைக்காதேங்கோ. ஆனா 10 குதிரைவலுவும் அதுக்கு மேலயும் எண்டா போட்டுக்கு லைசன்ஸ் எடுக்கவேணும், அதால வித்தவரிட்ட கையெழுத்தோட ஒரு துண்டு வாங்கி வையுங்கோ.

இப்ப எனக்குத் தரை மிச்சம் இருக்கு. கீழ இருக்கிற, போட் தாழாமப் பிடிக்கிற ஃபோம் முழுக்க தண்ணி குடிச்சிருக்கு, ஸ்ட்ரிங்கர் இரண்டிலயும் பின்பக்கம் தொப் சத்தம்தான். முழுசா மாத்தின ஆக்கள் ஆராவது இருந்தா, ஹல் வளையாம ட்ரெய்லரில எங்கெங்க முட்டுக் குடுத்தனீங்கள், இரண்டையும் ஒரேயடியாக் கழட்டினனீங்களோ ஒண்டு ஒண்டாவோ எண்டு எழுதுங்கோ.