ஹாக்கி ஆடும் பிள்ளைகள் இருபது வயதுக்கு அப்புறம் எங்கே போகிறார்கள்? கனடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

கோவையிலிருந்து ஒன்டாரியோ மாகாணத்துக் கிச்சனருக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி போன வாரம் கேட்டிருந்தார்: "அண்ணா, பையனுக்கு 9 வயசு. வகுப்பில் பாதிப் பேர் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள், நானும் சேருவேன் என்று அடம்பிடிக்கிறான். ஆகிற செலவையும் நேரத்தையும் கேட்டால் பயமாக இருக்கிறது. இதிலேயே வளர்ந்த பிள்ளைகள் கடைசியில் என்னதான் ஆகிறார்கள்? என்.எச்.எல். என்கிற பெரிய தொழில்முறை லீக் வரைக்கும் போக முடியாதவன் நடுத்தெருவில் நின்றுவிட மாட்டானா?"

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் தனி இழையாகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

நான் கோவில்பட்டிக்காரன். தீப்பெட்டி, கடலைமிட்டாய், அதற்கு அடுத்து ஹாக்கி என்று சொல்லும் ஊர். என் சித்தப்பா மண் மைதானத்தில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போய், பென்ஷனோடு வீடு வந்தவர். எங்கள் தெருவில் மட்டை பிடித்த பையன்களின் அப்பாக்கள் எல்லாரும் அந்த ஒரு கதவைத்தான் நம்பியிருந்தார்கள். ஆட்டம் நின்றாலும் ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஏதோ ஒன்று கைகொடுக்கும். கனடாவில் அந்த மாதிரி ஒதுக்கீடு கிடையாது. ஆனால் இங்கே அதன் இடத்தில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. நம் ஆட்கள் பலருக்கு அது தெரியவே இல்லை.

முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே "ஜூனியர்" என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஆடுவது மைனர் ஹாக்கி. ஜூனியர் என்பது 16 முதல் 20 வயது வரை ஆடுவது. அதில் உச்சம் கனேடியன் ஹாக்கி லீக். ஒன்டாரியோ, மேற்கு மாகாணங்கள், கியூபெக்கும் அட்லாண்டிக் மாகாணங்களும் என்று மூன்று லீக், மொத்தம் அறுபது அணிகளுக்கு மேல். நம் கிச்சனர் ரேஞ்சர்ஸ் அதில் ஒன்று. ஊர்மக்களுக்கே சொந்தமான அணி அது, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுதான் நடத்துகிறது. வெள்ளிக்கிழமை மாலை அவர்களுடைய அரங்கமான ஆடிட்டோரியத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். பனியில் பறக்கிற பையன்களின் முகத்தைக் கவனியுங்கள், சிலருக்கு இன்னும் மீசைகூட முளைத்திருக்காது.

15 வயதில், பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அணிகள் பையன்களைத் தேர்வு செய்கின்றன. தேர்வானவன் வேறு ஊர் போய், யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அங்குள்ள பள்ளியில் படித்துக்கொண்டே ஒரு சீசனுக்கு அறுபதுக்கு மேல் ஆட்டம் ஆட வேண்டும். பாதிக்குப் பாதி வெளியூர் ஆட்டம், எல்லாம் பஸ் பயணம். 20 வயதுக்காரர்களை ஓர் அணி மூன்று பேர் வரைக்கும்தான் வைத்துக்கொள்ளலாம். அதனால் பலருக்கு 19 வயதிலேயே கதவு மூடிவிடும்.

இனி எத்தனை பேர் மேலே போகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1975-ல் பிறந்து ஒன்டாரியோவில் ஹாக்கி ஆடிய பையன்கள் சுமார் 30,000 பேரை எடுத்து, என்ன ஆனார்கள் என்று பின்னாளில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓ.எச்.எல்., அதாவது மேலே சொன்ன ஒன்டாரியோ லீகுக்குத் தேர்வானவர்கள் 232 பேர். அதில் ஓர் ஆட்டமாவது ஆடியவர்கள் 105. என்.எச்.எல். அணிகள் தேர்வு செய்தவர்கள் 48. அங்கே காலடி வைத்தவர்கள் அதைவிடக் குறைவு. உங்கள் பையனுக்கு 9 வயது, இதைப் பார்த்துக் கலங்க ஒன்றும் இல்லை. அந்தச் சிலரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், மற்றவர்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

ஓ.எச்.எல். மாதிரியான லீகில் ஆடும் பையனுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. அதற்குப் பதிலாக ஒரு கல்வி உதவி இருக்கிறது. ஒரு சீசன் ஆடினால் ஓராண்டுக் கல்லூரிப் படிப்பு. கல்விக் கட்டணம், புத்தகம் எல்லாம் அதில் அடக்கம். நான்கு சீசன் ஆடியவன் 20 வயதில் வெளியே வரும்போது நான்கு வருடப் பட்டப்படிப்பு கையில் இருக்கும். நான் மேலே சொன்ன ரயில்வே கதவு இங்கே இதுதான். கையெழுத்துப் போடும் நாளில் பெற்றோர் வாயைத் திறந்து கேட்க வேண்டியவை சில உண்டு: ஆண்டுக்கு எவ்வளவு வரைக்கும் தருவீர்கள், ஆட்டம் முடிந்து எத்தனை மாதத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், நடுவில் வேறு அணிக்கு மாற்றினால் அந்தப் பொறுப்பு யாருடையது, தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் இந்தத் தொகை தொடருமா, இல்லை நின்றுபோகுமா. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஒரு சின்ன லீகில் ஒரு வருடம் ஆடிப் பார்க்கிறேன் என்று போய், படிப்புக்கான காலக்கெடுவைத் தவறவிட்ட பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் அம்மா அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டியபோது கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆகவே ஒவ்வொரு வரியையும் படியுங்கள், புரியாவிட்டால் ஒரு வழக்கறிஞருக்குக் காசு கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள்.

அப்படிப் படிக்கப் போகிறவன் ஆட்டத்தை விட வேண்டியதும் இல்லை. கனேடியப் பல்கலைக்கழக அணிகள் பெரும்பாலும் இந்த முன்னாள் ஜூனியர் வீரர்களால்தான் நிரம்பியிருக்கின்றன. ஃப்ரெடெரிக்டனில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக அணி 2023-24 சீசனில் 43 ஆட்டம் ஆடி 43-லும் வென்றது. நம் ஊரிலேயே வாட்டர்லூ பல்கலைக்கழகம், லாரியர் இரண்டுக்கும் அணி உண்டு. டிக்கெட் விலை குறைவு, கூட்டமும் குறைவு, ஆட்டத்தின் தரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கணக்குப் பதிவியலும் கினீசியாலஜி என்கிற உடல் இயக்கப் படிப்பும் படிக்கும் பையன்கள் அங்கே ஆடுவதைப் பார்த்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிப் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம். "ஓ.எச்.எல். பக்கம் போனால் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் போச்சு" என்பார்கள். முன்பு அது உண்மை. அந்த லீகில் ஆடியவர்களை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தொழில்முறை வீரர்கள் என்றே கருதியது. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றி, 2025 ஆகஸ்ட் முதல் அவர்களும் ஆடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். மேற்கு லீகின் மெடிசின் ஹாட் அணியில் ஆடிய கேவின் மெக்கென்னா அந்த இலையுதிர் பருவத்திலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். இரண்டில் ஒன்று என்று 15 வயதில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பெற்றோருக்கு இது பெரிய நிம்மதி.

கொஞ்சம் பேர் ஐரோப்பா போகிறார்கள். பிரிட்டனில் இருக்கும் அணிகளில் ஆடிக்கொண்டே அங்கே முதுகலை படிப்பவர்களும் உண்டு. இன்னும் சிலர் அமெரிக்காவின் சின்ன லீகுகளில் இரண்டு மூன்று வருடம் ஓட்டுகிறார்கள். அதில் மிச்சம் பிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, ஆனால் ஆசை தீர ஆடினேன் என்ற திருப்தி அவர்களுக்கு இருக்கிறது. அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆட்டத்தை விட்டும் ஆட்டத்துக்குள்ளேயே இருப்பவர்கள் தனி ரகம். ஸ்காட்டி போமன் மாண்ட்ரியலில் ஜூனியர் ஆடும்போது 1952-ல் தலையில் அடிபட்டு வீரர் என்ற கனவை விட்டவர். பயிற்சியாளராக, என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை ஒன்பது முறை வென்றார். நமக்குப் பக்கத்தில் குவெல்ஃப் அணியில் ஜூனியர் ஆடிய மேனி மல்ஹோத்ராவின் அப்பா இந்திய வம்சாவளி. மேனி என்.எச்.எல்.-லில் பல வருடம் ஆடி, 2011-ல் பக் என்கிற ரப்பர் வட்டு பட்டு ஒரு கண்ணின் பார்வை பெரும்பகுதி போய், அப்புறம் பயிற்சியாளராகி, 2025-ல் ஆபட்ஸ்ஃபோர்டு அணிக்கு, என்.எச்.எல்.-க்கு அடுத்த மட்டத்து லீகின் பட்டமான கால்டர் கோப்பையை வாங்கித் தந்தார். நடுவர் வேலைக்கும் முன்னாள் வீரர்களைத் தேடுகிறார்கள். அதற்கென்றே என்.எச்.எல். 2014 முதல் ஒரு முகாம் நடத்துகிறது.

இவர்கள் பெயர் வெளியே தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தீயணைப்பு நிலையம், போலீஸ், பள்ளிக்கூடம், காப்பீட்டு அலுவலகம், வீடு விற்கும் ஏஜென்ட், கட்டட வேலை, எங்கே போனாலும் ஒருவர் இருப்பார். என் மகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லித்தந்தவர் பகலில் எலெக்ட்ரீஷியன். மூன்று வருடம் ஜூனியர் ஆடியவர் என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும், அவராகச் சொல்லவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு ரிங்க்கில் எங்கள் மூச்சு புகையாக வரும். அவர் ரப்பர் தரையில் மண்டியிட்டு, மகளின் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு ஸ்கேட் கட்டுவார். விரல் நுனிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாக லேஸை இழுத்துக்கொண்டே வருவார். முன்பக்கம் தளர்வு, வளைவில் இறுக்கம், கணுக்காலில் இரண்டு விரல் நுழைகிறதா என்று ஒரு சோதனை. அவருடைய இடது சுண்டுவிரல் மட்டும் மடங்கவே மடங்காது, இருபது வருடத்துக்கு முன் முறிந்தது. அந்த விரலை நீட்டியபடியே முடிச்சுப் போடுவார். ஒருநாள் கேட்டேன், வருத்தம் இல்லையா என்று. "வயரிங் வேலை கற்ற காலேஜுக்குக் காசு கொடுத்ததே அந்த ஆட்டம்தான்" என்றார்.

எல்லாரும் இப்படி நல்லபடியாகக் கரையேறவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூளையதிர்ச்சி, முதுகுவலி என்று உடம்போடு போராடுபவர்கள் இருக்கிறார்கள். ஏழு வயது முதல் ஹாக்கிக்காரன் என்றே அழைக்கப்பட்டவன் 21 வயதில் அந்தப் பெயர் போனதும் தான் யார் என்று தெரியாமல் தவிப்பதும் உண்டு. நீங்கள் பிள்ளையைப் பதிவு செய்யும்போது ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் என்று ஆன்லைனில் ஒரு பெற்றோர் பாடம் முடிக்கச் சொல்வார்கள். நம் ஆட்கள் அதை அவசரமாகத் தட்டித் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதன் பின்னால் இருப்பவர் ஷெல்டன் கென்னடி. ஸ்விஃப்ட் கரண்ட் அணியில் ஜூனியர் ஆடியவர். 1986 டிசம்பரில் நான்கு வீரர்கள் இறந்துபோன பஸ் விபத்தில் அவரும் அந்தப் பஸ்ஸில் இருந்தார். அந்த அணியின் பயிற்சியாளரால் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதைப் பல வருடம் மனதில் புதைத்து வைத்திருந்து, 1990-களின் நடுவில் வெளியே சொன்னார். குற்றவாளி சிறைக்குப் போனான். கென்னடி 1998-ல் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு கனடாவைக் குறுக்காகக் கடந்து நிதி திரட்டினார், பின்னர் இந்தப் பாடத்தை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு முன்னாள் ஜூனியர் வீரர் வந்து சேர்ந்த இடங்களில் என் மனதுக்கு மிக உயர்ந்தது இதுதான். அந்தப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு தங்கை கேட்டது: "அண்ணா, எனக்கு இருப்பது பெண் குழந்தை. அவளுக்கும் இதே பாதையா?" இல்லை அம்மா, அவளுடைய பாதை இன்னும் நேரானது. பெண்களுக்கு ஓ.எச்.எல். மாதிரி ஒன்று இல்லை. பள்ளி முடியும்வரை வீட்டில் இருந்தே கிளப் அணியில் ஆடி, நேராகப் பல்கலைக்கழகம் போகலாம், கனடாவோ அமெரிக்காவோ. 2024 ஜனவரி முதல் பெண்களுக்கான தொழில்முறை லீகும் நடக்கிறது. பதினாறு வயதில் மகளை வேறொரு வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

செலவு பற்றிச் சுருக்கமாக. எல்லாரும் சேரக்கூடிய உள்ளூர் ஹவுஸ் லீகில் சில நூறு டாலரோடு முடியும். தேர்வு வைத்து எடுக்கும் ரெப் அணி என்றால் ஆயிரக்கணக்கில், மேல்மட்டத்தில் பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. முதல் வருடம் புதுச் சாமான் எதுவும் வாங்காதீர்கள், ஹெல்மெட் மட்டும் புதிது. மற்றதெல்லாம் ப்ளே இட் அகைன் மாதிரிப் பழைய சாமான் கடையில் கிடைக்கும். வருமானம் குறைவான குடும்பத்துக்கு ஜம்ப்ஸ்டார்ட், கிட்ஸ்போர்ட் என்ற இரண்டு உதவி அமைப்புகளும் கைகொடுக்கின்றன, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தம்பி, உங்களுக்கு என் பதில்: சேருங்கள். ஹாக்கிக்கு முன்னால் ஒரு சீசன் வெறும் ஸ்கேட்டிங் வகுப்பு. ரிம் பார்க் ரிங்க்கில் ஞாயிறு காலை நானும் மகளும் இருப்போம், பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குளிருக்குப் பயந்து தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுவிடாதீர்கள், கால் உள்ளே வழுக்கும். மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். லேஸ் கட்டுவதை நான் காட்டித் தருகிறேன்.